தம்பியின் உள்ளங்கால்

தம்பிக்கு 32 வயது. பிறந்ததிலிருந்தே அறிவுசார் குறைபாடு. மிக்ஸி ஓடினால் கோபம் வரும், சாப்பாட்டுத் தட்டு மாறினாலும் வரும். தொழிற்பயிற்சி மையத்தில் காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தவனை, பக்கத்தில் இருந்தவரை அடித்தான் என்று போன வருடம் இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்களும் "கோபப்படாதேடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாருமே அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

உள்ளங்கால் பயிற்சியைப் பற்றி ஓர் உளவியலாளர் சொன்னார். அமெரிக்காவில் நிர்பய் சிங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2003-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதில் வருபவர் 27 வயது இளைஞர். அறிவுசார் குறைபாட்டோடு மனநோயும் உண்டு. ஆறு மாதம் யாரையும் தாக்காமல் இருந்தால்தான் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து வாழலாம் என்று நிபந்தனை. இந்தப் பயிற்சியால் அதைக் கடந்து வெளியே வந்தார். அடுத்த ஓராண்டும் யாரையும் தாக்கவில்லை. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

செய்வது இவ்வளவுதான்: கோபம் வரும்போது கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோவது. விரலை அசைத்து, குதிகாலை உணர்ந்து, மனம் அடங்கும்வரை அங்கேயே இருப்பது. "மூச்சைக் கவனி" என்றால் தம்பி மூச்சைப் பிடித்துக்கொள்வான். கால் அப்படியில்லை, தொட்டுக் காட்டலாம்.

தினமும் சாயங்காலம் முற்றத்துச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்போம். முதலில் சந்தோஷமான ஒன்றை நினைத்துக்கொண்டு, பொங்கலுக்கு மாடு பார்த்தது மாதிரி, கவனத்தைக் காலுக்குக் கொண்டுபோவோம். அப்புறம்தான் சின்னச் சின்னக் கோபங்களை நினைத்து அதையே செய்வோம்.

"குதிகால் எங்கடா?"

"இங்க."

"எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு அக்கா."

நடுவில் ஒரு தப்பு செய்தேன். அவன் கத்தும்போது நானும் "காலைக் கவனி!" என்று கத்தினேன். அது அவனுக்கு இன்னொரு திட்டாகிவிட்டது. காலைத் தரையில் ஓங்கி உதைத்தான். அதன் பிறகு நான் சொல்வதில்லை. பக்கத்தில் போய் நின்று என் கால்விரல்களை அசைப்பேன். சில நாள் பார்ப்பான், சில நாள் பார்க்க மாட்டான்.

போன ஞாயிறு மதியம் சட்னிக்கு மிக்ஸி போட்டேன். தம்பி எழுந்து வெளியே போனான். பயந்து எட்டிப் பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நிற்கிறான்.

"அக்கா, இன்னைக்குச் சில்லுன்னு இல்ல. சுடுது."

கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டி வந்தேன்.