14 நிமிட நாள்

மகள் உறங்க இரவு ஒன்பதேகால் ஆகிவிடுகிறது. மறுநாள் காலை ஆறு மணிப் பேருந்தில் பாடசாலைக்குப் புறப்பட வேண்டிய எனக்கு, பாடக்குறிப்பும் எழுதி முடித்த பிறகு எஞ்சுவது முக்கால் மணி நேரம். இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூன் மாதத்தில் அதற்கும் உறுதியில்லை. எங்கோ ஒரு யூக்கலிப்டஸ் கிளை மின்கம்பியில் சாய்ந்தால் வீடு இருண்டுவிடும். மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருடமாகிறது.

வீடியோ கேம் விளையாட நேரமே இல்லை என்று நெடுநாள் புலம்பிக்கொண்டிருந்தேன். 2015இல் வெளிவந்த 'விட்சர் 3'ஐ மூன்று முறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது, யாருக்காக எந்தப் பூதத்தைத் துரத்திக் காட்டுக்குள் வந்தேன் என்பதே மறந்து, குதிரையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். 'டார்க் சோல்ஸ்' இன்னும் மோசம். தனியாக விளையாடினாலும் அதை இடையில் நிறுத்திவைக்க முடியாது என்பதால், மகள் இருமும் சத்தம் கேட்டு எழுந்து போய்த் திரும்புவதற்குள் என் வீரன் மாண்டு கிடப்பான். இரண்டும் அருமையான விளையாட்டுகள்தாம். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு.

எனக்கு வாய்த்தது, எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'. பாழடைந்த பண்ணையொன்றைத் திருத்திப் பயிர் செய்யும் அந்த விளையாட்டில், காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பின்னிரவு இரண்டு மணி வரை நீளும் ஒரு நாள், நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். நாள் முடிந்து உறங்கும்போதுதான் அன்றைய வேலை பதிவாகும். ஆக, முக்கால் மணியில் மூன்று நாள் வாழ்ந்துவிடலாம், மின்சாரம் போனாலும் இழப்பது ஒரு நாளைத்தான். அந்த ஒரு நாளும் சில சமயம் வலிக்கும். வசந்தத்தின் 13ஆம் நாள் முட்டைத் திருவிழாவில் வாங்கும் ஸ்ட்ராபெரி விதையை அன்றே நட்டால் எட்டு நாளில் பழம், அதன் பின் நான்கு நாளுக்கு ஒருமுறை, பருவமோ 28 நாளில் முடிந்துவிடும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டு, இருந்த காசு முழுவதையும் விதையாக்கி, நட்டு, நீர் ஊற்றி, கட்டிலை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது திரை அணைந்தது. மின்சாரம் வந்து திறந்து பார்த்தால் மறுபடியும் 13ஆம் நாள் காலை, பையில் அதே காசு.

செவ்வாய், வியாழன், சனி இரவுகள் எனக்கு என்று மனைவியுடன் பேசி வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 2019இல் இந்த விளையாட்டில் சேர்க்கப்பட்ட தேயிலைச் செடியைக் காட்டி, குளிர்காலம் தவிர்ந்த பருவங்களின் கடைசி வாரத்தில் மட்டும் நாளுக்கு ஓர் இலை கிடைக்கும் என்றேன். நாற்பது வருடம் மலையில் கொழுந்து பறித்தவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு எலயா? அரப்பேருகூடப் போட மாட்டாங்களே தம்பி."

கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம் மட்டும் போடும் அரைப்பேர் கணக்கையும் அந்தக் காலத்துக் கங்காணியின் தராசையும் அவர் விவரித்து முடிப்பதற்குள் விளையாட்டில் நள்ளிரவு தாண்டிவிட்டது. என் ஆளை ஓட ஓட விரட்டிக் கட்டிலில் போட்டேன்.