சிவப்புச் சட்டை என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை

எதிர்ப்பக்கம் நடந்து போன ஒருவரைத் தள்ளிவிட்டு, அவர் பையைப் பிடுங்கிக்கொண்டு ஒருத்தன் ஓடினான். மொத்தமே பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடிக்காக நான் நாலு தடவை வாய் திறக்க வேண்டியதாயிற்று: சம்பவ இடத்தில், ஸ்டேஷனில், போட்டோ பார்க்கும்போது, கடைசியாகக் கோர்ட்டில்.

முதல் தப்பு என்னுடையதுதான். போலீஸ் வருவதற்குள் பக்கத்தில் நின்றவர்களோடு பேசிவிட்டேன். ஒரு பெரியவர் "சிவப்புச் சட்டை தம்பி" என்றார், எனக்கும் சிவப்பாகத்தான் தெரிந்தது. நான் பார்த்ததால் தெரிந்ததா, அவர் சொன்னதால் தெரிந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை.

ஸ்டேஷனில் வாக்குமூலம் வாங்கிய அதிகாரி சட்டை என்ன நிறம், உயரம் எவ்வளவு என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. "நீங்க அங்க எதுக்கு நின்னீங்க, அதுல இருந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, நான் நிறுத்தினாலும் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். கேள்வியில் ஒரு சொல் மாறினாலே பதில் மாறிவிடும் என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. 1974-ல் லாஃப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் விபத்துக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று சிலரிடம் கேட்டார்கள், சராசரியாக மணிக்கு 40 மைலுக்குக் கொஞ்சம் மேல் என்று பதில் வந்தது. 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8. பார்த்தது என்னவோ எல்லோரும் அதே காட்சிகளைத்தான்.

போட்டோ காட்ட வந்தவர் வேறு அதிகாரி. சந்தேக நபர் யார் என்று தனக்கே தெரியாது என்றார். "அந்த ஆள் இதுல இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டு ஆறு படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். நாலாவது படத்தில் கண் நின்றது. "இவனா இருக்கலாம், ஆனா உறுதியா சொல்ல முடியல" என்றேன், அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். "சரியா சொன்னேனா சார்?" என்று கேட்டதற்கு முகத்தில் ஓர் அசைவுகூட இல்லை. மனுஷன் ஒரு தலையாவது ஆட்டக்கூடாதா என்று அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் 1984-ல் நடந்த ஒரு பாலியல் வன்கொடுமைக்காக ரொனால்ட் காட்டன் என்பவர் மாட்டிக்கொண்ட வழக்கைப் படித்த பிறகுதான் அந்த எரிச்சல் போனது. பாதிக்கப்பட்ட பெண் முதலில் போட்டோவில், அப்புறம் ஆட்களை நிறுத்திய வரிசையில் அவரைக் காட்டினார். நீங்கள் சரியான ஆளைத்தான் காட்டினீர்கள் என்கிற மாதிரி போலீஸ் தரப்பிலிருந்து ஒரு பேச்சு விழுந்தது, கோர்ட்டுக்கு வரும்போது அந்தப் பெண்ணுக்குத் துளி சந்தேகமும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்த காட்டனை 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் வெளியே கொண்டுவந்தது.

கோர்ட்டில் மூன்று வாய்தா சும்மா போய் வந்தேன். நாலாவது தடவை கூண்டில் ஏறியபோது தொண்டை வறண்டுவிட்டது. குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்பு வக்கீல் நேராகச் சட்டைக்கு வந்தார். சிவப்பு என்றேன். கேமராவில் பதிந்த காட்சியை ஓடவிட்டார், பளிச்சென்று பழுப்பு நிறம்.

"அப்போ நீங்க பார்க்கவே இல்லை, அப்படித்தானே?"

"பார்த்தேன். நிறத்தைத் தப்பா சொல்லிட்டேன்."

எதிரே நிற்பவர்தானா அந்த ஆள் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, இத்தனை பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. "இருக்கலாம்னு அன்னிக்குச் சொன்னேன், இன்னிக்கும் அதுதான்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. வெளியே வந்ததும், "பரவாயில்லை, பை அவன்கிட்ட இருந்துதான் எடுத்தாங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சாட்சியைத் தேடிப் போய்விட்டார்.