யூனிட் கணக்கைப் பார், தரவரிசை அப்புறம்

அக்கா மகளுக்கு அமெரிக்காவில் எம்ஐடியிலும் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்), கலிபோர்னியாவில் இருக்கும் ஹார்வி மட் என்ற சின்னக் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. "எதுல சேரட்டும் மாமா?" என்று கேட்டாள். நானும் ஆளைப் பிழிந்தெடுக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தவன் என்பதால் வீட்டில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும்.

தரவரிசையை ஓரம் வைத்துவிட்டு யூனிட் கணக்கைப் பார் என்றேன். எம்ஐடியில் 18.01 என்ற கால்குலஸ் பாடத்துக்கு 5-0-7 என்று போட்டிருப்பார்கள். வாரத்துக்கு வகுப்பில் 5 மணி நேரம், ஆய்வகம் இல்லை, தனியாக உட்கார்ந்து படிக்க 7 மணி நேரம். ஆக வாரம் 12 மணி நேரம், அதுதான் 12 யூனிட். இப்படி நான்கு பாடம் எடுத்தால் வாரம் 48 மணி நேரம். அதுவும் எல்லாம் ஒழுங்காகப் போனால்தான். வீட்டுப்பாடமாகத் தரும் கணக்குத் தொகுப்பு (ப்ராப்ளம் செட்) ஒன்று முரண்டு பிடித்தால் கணக்கு எகிறிவிடும். இதை முன்கூட்டியே எழுதிவைக்கிறார்களே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது, தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பது. எம்ஐடியில் முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்றால், வெளியே அனுப்பும் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடமே இருக்காது. ஹார்வி மட்டிலும் முதல் செமஸ்டருக்கு வழக்கமான கிரேடு கிடையாது. கலிபோர்னியாவின் இன்னொரு தொழில்நுட்பக் கல்லூரியான கால்டெக்கில் முதல் இரண்டு டெர்முக்கு பாஸ், ஃபெயில் மட்டும்தான். இது சலுகை இல்லை, தேவை. பள்ளியில் முதலிடத்தையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேரும்போது, பாதிப் பேர் கீழ்ப்பாதியில் இருந்துதானே ஆகவேண்டும்!

நான் படித்த இடத்தில் அதெல்லாம் இல்லை. முதல் இயற்பியல் தேர்வில் நூற்றுக்கு 38. அது அப்படியே பட்டியலில் ஏறியது. என்னைக் காப்பாற்றியது விடுதிப் பொது அறையில் இருந்த வெள்ளைப்பலகை. நள்ளிரவில் ஒருத்தன் சர்க்யூட் சொல்லித்தருவான், நான் அவனுக்கு புரோகிராமிங். அதனால், வீட்டுப்பாடத்தைச் சேர்ந்து போடும் பழக்கம் இருக்கிறதா என்று அங்கே படிக்கிறவர்களிடமே கேட்கச் சொன்னேன்.

ஹார்வி மட்டில் முதுநிலை மாணவர்கள் கிடையாது, ஆராய்ச்சி வேலை இளநிலைப் பிள்ளைகளுக்கே வரும். ஆனால் அங்கே மின்னியல், இயந்திரவியல் என்று பிரிக்காமல் பொதுவான பொறியியல் பட்டம்தான். இவளுக்கோ சிப் வடிவமைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அதனால் என் ஓட்டு எம்ஐடிக்கு. எந்தத் துறை என்று இன்னும் முடிவெடுக்காத பிள்ளையாக இருந்திருந்தால் ஹார்வி மட் என்றுதான் சொல்லியிருப்பேன்.