அந்த 13 சதவீதம் எங்கிருந்து வந்தது?

வீட்டிலிருந்து வேலை செய்தால் 13 சதவீதம் கூடுதல் வேலை நடக்கும் என்று ஹெச்.ஆர். கூட்டங்களில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அந்த எண் பிறந்த இடம் ஷாங்காய். பயண முன்பதிவு நிறுவனமான சிட்ரிப், ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவுடன் சேர்ந்து தன் கால் சென்டரில் 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் நடத்திய சோதனை அது. விருப்பம் தெரிவித்தவர்களில் தகுதியுள்ள 249 பேரைப் பிறந்த தேதி வைத்துப் பிரித்தார்கள்: இரட்டைப்படைத் தேதி என்றால் வீடு, ஒற்றைப்படை என்றால் அலுவலகம்.

13-இல் சுமார் 9 சதவீதம், கூடுதல் நேரம் உட்கார்ந்ததால் வந்தது. இடைவேளை குறைந்தது, உடம்பு சரியில்லை என்று எடுக்கும் விடுப்பும் குறைந்தது. நிமிடத்துக்கு எடுத்த அழைப்புகள் கூடியதால் வந்தது 4 சதவீதம்தான். அதற்குக் காரணம் வீட்டின் அமைதி. ஆக, பெரும்பங்கு வேகமல்ல, நேரம். நேரத்தை அளக்காமல் அழைப்புகளை மட்டும் எண்ணினால் ஆளைப் பிழிவதும் திறமை போலத்தான் தெரியும்.

பலரும் விட்டுவிடுவது நிபந்தனைகளை. ஆறு மாதமாவது பணி அனுபவம், பிராட்பேண்ட் இணைப்பு, ஷிப்ட் நேரத்தில் வேறு யாரும் வராத தனி அறை. அதுவும் நான்கு நாள்தான் வீடு. ஐந்தாம் நாள் அலுவலகம் போக வேண்டும். ஹாலில் டிவி ஓட, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்திருப்பவருக்கு இந்த எண்ணைக் காட்டி இலக்கு வைப்பது அநியாயம்.

வேலையை விட்டவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்; திருப்தியும் கூடியது. ஆனால் ஒரே அளவு வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவரை மேலாளருக்கு நினைவிருக்காது என்பது ஒரு விளக்கம். தனிமையும் வாட்டியது. சோதனை முடிந்து, எங்கே வேண்டுமோ அங்கே வேலை செய்யலாம் என்றபோது வீட்டுக் குழுவில் சுமார் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஒத்துவராதவர்கள் விலகியதும் வீட்டு வேலையால் வந்த வேலைத்திறன் உயர்வு 22 சதவீதமாக ஏறியது. என்னைக் கேட்டால், 13-ஐ விட இந்த 22-தான் முக்கியம்.

அதே நிறுவனம், இப்போது ட்ரிப்.காம், 2021-22-இல் பொறியாளர்கள், மார்க்கெட்டிங், கணக்குப் பிரிவினர் என 1,612 பேரிடம் இன்னொரு சோதனை செய்தது. புதன், வெள்ளி மட்டும் வீடு. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசமில்லை. வேலைத்திறன் 2.6 சதவீதம் விழும் என்று முதலில் கணித்த மேலாளர்கள், ஆறு மாதம் கழித்து 1 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள்.