காமன் பூலில் வராத பிள்ளை

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட மதிப்பீட்டை இன்று மாலைதான் ஒருவழியாகப் போனில் பதிவேற்றி முடித்தேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் என் பொறுப்பு, மொத்தம் 23 பிள்ளைகள். 22 பேருக்கு இரண்டு நாள் ஆனது, மீதி ஒருத்திக்கு 11 நாள்.

செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பம். மூன்றாம் வகுப்பு. கையில் டிசி இருந்தும், பழைய பள்ளியில் எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடு) விடுவிக்காததால் காமன் பூலில், அதாவது ஒரு பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிள்ளைகளை அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளும் பொதுப் பட்டியலில், பெயர் வரவில்லை. பெயர் இல்லையென்றால் வருகைப்பதிவும் இல்லை, மதிப்பீடும் இல்லை. அரை நாள் லீவு போட்டு, 18 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வட்டார அலுவலகத்தில் கேட்டால், "பழைய ஸ்கூல்லதான் கேக்கணும் டீச்சர்" என்று ஒரு வரி பதில். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே! கடைசியில் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அந்தப் பள்ளி டீச்சரின் நம்பரைப் பிடித்தேன். பாவம், அவரும் தனியாகத்தான் பள்ளியை ஓட்டுகிறார். ஐந்தே நிமிடத்தில் விடுவித்துவிட்டார்.

அவசரத்தில் பிள்ளைக்குப் புது எமிஸ் எண் மட்டும் போட்டுவிடாதீர்கள், இரட்டைப் பதிவாகிவிடும், அதை நீக்க இன்னும் அலைய வேண்டும். டிசி வாங்கும் அன்றே, அம்மா அப்பா எதிரில் இருக்கும்போதே பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்தது உண்மையிலேயே உதவுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தே தெரியாமல் வந்தாலும் அரும்பில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் தொடங்கலாம். என் கோபமெல்லாம் போனோடு போகும் நேரத்தின் மேல்தான். சிக்னலுக்காக நான் தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்ற நாட்களில், மலர் நிலைப் பையன் ஒருவன்தான் அவளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அது என் வேலை.

இன்று அவள் 'படம்', 'மரம்' இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடுத்த வாரம் அதே சூளையிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வருகிறார்களாம். அவர்கள் அம்மாவிடம் பழைய பள்ளியின் போன் நம்பரை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.