பாபநாசம் முதல் புன்னக்காயல் வரை: பிள்ளைகள் வரைந்த தாமிரபரணி

ஆறு வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் நீலக் கோடு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். ஆற்றையே பார்க்காத பிள்ளையும் இதைத்தான் வரையும். தினமும் ஆற்றில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இதைத்தான் வரையும். இதுதான் திருநெல்வேலிப் பக்கம் ஓவிய ஆசிரியராக இருக்கும் என் நண்பரை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

இப்போது அவர் சனி ஞாயிறுகளில் தாமிரபரணிக் கரை ஊர்களுக்குப் போகிறார். அங்கங்கே இருக்கிற பிள்ளைகளைச் சேர்த்து, கரையிலேயே உட்கார்ந்து வரைய வைக்கிறார். இரண்டே நிபந்தனைகள். கடையில் வாங்கிய கலர் கூடாது. கரையிலும் அடுப்படியிலும் கிடைப்பதை வைத்துத்தான் எல்லாம். இரண்டாவது, படத்தில் வாசகம் எழுதக் கூடாது. 'ஆற்றைக் காப்போம்' என்று எழுதிவிட்டால் அதற்கப்புறம் எந்தப் பிள்ளையும் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் உடன்பாடுதான். சுற்றுச்சூழல் தினப் போட்டிகளில் பரிசு வாங்குகிற படங்களைப் பார்த்திருக்கிறேன். பூமிக்குக் கண், மூக்கு, அழுகிற வாய். பாவம், பூமி.

மாசி மாதத்தில் நானும் அவரோடு ஒட்டிக்கொண்டேன். மலையடிவாரத்துப் பாபநாசத்தில் தொடங்கி, ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் வரை போவது என்று திட்டம். பொதிகை மலையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவில் முடிகிற ஆறு இது. பிறப்பதும் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாய்ப்பதால் கோடையிலும் கொஞ்சமாவது தண்ணீர் ஓடும்.

பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி வாங்கி மீனுக்குப் போடாமல் யாரும் திரும்புவதில்லை. அதே படித்துறையில்தான் பரிகாரம் என்று சொல்லி, உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வேட்டி, சேலை, பேன்ட், குழந்தைச் சட்டை என எல்லாம் பாறையில் சுற்றிக்கொள்ளும், மணலில் புதையும். நீந்துகிற பிள்ளைகளின் காலில் சிக்கும். 'தண்ணிக்குள்ள யாரோ காலைப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும் அக்கா' என்றான் ஒரு பையன். கரையேற்றப்பட்ட துணிகளில் ஒரு மூட்டையை நண்பர் முன்பே வாங்கி, வெந்நீரில் போட்டுத் துவைத்துக் காயவைத்திருந்தார்.

அந்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு 'இதுல மீன் செய்யுங்க' என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான், ஒதுங்கிக்கொண்டார். முதலில் பிள்ளைகள் துணியைத் தொடவே தயங்கினார்கள். யாருடைய துணியோ, என்ன பாவமோ. அப்புறம் ஒரு சிறுமி பட்டுச் சேலைக் கரையை நறுக்கிச் செதிலாக வரிசை கட்ட, மற்றவர்கள் கையும் தன்னால் வந்தது. சாக்குக்குள் வைக்கோலைத் திணித்து, மேலே துணிச் செதில்களைத் தைத்து, ஆள் உயரத்தையும் தாண்டி ஒரு மீன் வளர்ந்தது. தனியாக உட்கார்ந்திருந்த ஒருவன் பழுப்பு நிறப் பேன்ட் ஒன்றை நீர்நாயாக மாற்றிக்கொண்டிருந்தான். மேலே அணைப் பக்கம் நீர்நாயைப் பார்த்திருக்கிறானாம். பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்தால் வால், பையை வெளியே இழுத்துவிட்டால் காது. எனக்கு அந்த நீர்நாய்தான் மீனைவிடப் பிடித்தது.

குளித்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர், நனைந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் அந்த மீனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிள்ளைகள் விடவில்லை. 'அதை ஆத்துல போடாதீங்க தாத்தா, இங்க போடுங்க. மீனுக்கு வால் பத்தல.' அவரும் போட்டுவிட்டுப் போனார். பரிகாரம் ஆயிற்றா இல்லையா என்று அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

அடுத்து திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் வந்து சேரும் இடம். இங்கே ஊர் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களே காத்து வந்த இந்த இடத்தை 2005-ல் அரசு பறவைகள் காப்பகமாக அறிவித்தது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. உள்ளே ஏற அனுமதி வேண்டும். நண்பர் வாங்கி வைத்திருந்தார். இருட்டுப் படியில் ஏறி டார்ச் அடித்தால் சுவர் முழுக்கக் காவிச் சிவப்பு. போர்க்களம், யானை, அப்புறம் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் ஒரு கப்பல். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிற ஊரின் கோபுரத்தில் கப்பல்! உள்ளூர்ப் பிள்ளைகளிலேயே பலர் அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்த்தார்கள். கீழே இறங்கிய பிறகு எல்லோர் படத்திலும் குதிரை வந்துவிட்டது. ஒரு படத்தில் நாரை குதிரைமேல் உட்கார்ந்திருந்தது. நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கென்னவோ அதுவும் ஆற்றின் படம்தான்.

இங்கே ஒரு பெண் எதையுமே வரையவில்லை. கூடு இருக்கிற மரத்தடியில் குனிந்து, பறவை எச்சம் விழுந்து வெள்ளைப் புள்ளியும் கோடுமாகக் கிடந்த மருத இலைகளைக் குச்சியால் பொறுக்கி அட்டையில் வரிசையாக ஒட்டினாள். 'நான் வரையல சார், அதுங்களே வரைஞ்சிருக்கு' என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை நண்பர் அவளை விடவில்லை.

நிறம் செய்கிற விதத்தைச் சொல்லவில்லையே. கரி, செங்கல் பொடி, செம்மண், வண்டல், இலைச் சாறு, மஞ்சள்தூள். மண்ணை அப்படியே குழைத்துப் பூசினால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். அதனால் வேப்பம்பிசினை முந்தைய நாள் இரவே ஊறப்போட்டு, அந்தப் பசைத் தண்ணீரில் குழைக்க வேண்டும். வண்டலிலேயே எத்தனை நிறம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பாபநாசத்தில் எடுத்தது மினுமினுக்கும் பழுப்பு. கீழே வரவரக் கருக்கும்.

சேரன்மகாதேவிப் படித்துறையில் நடந்ததுதான் இந்தப் பயணத்தின் உச்சம். ஒரு பையன் தாள் முழுக்க மஞ்சளைப் பூசி வெயிலில் காயவைத்திருந்தான். பக்கத்தில் ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். அடித்த துணியிலிருந்து தெறித்த சோப்பு நுரை தாளில் பட்டதும், பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. பையன் முகம் சுருங்கிப்போனது. அருகில் இருந்த சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, 'இது ஆரத்தித் தண்ணி மாதிரில்லா இருக்கு!' என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே சோப்பு செய்திருக்கிறது. நண்பர் இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார். அதற்குள் பத்துப் பிள்ளைகள் மஞ்சள் தாளும் குச்சியுமாக அந்த அம்மாவைச் சுற்றி நின்றார்கள். நுரையைத் தொட்டுத் தொட்டு வரைகிறார்கள். கண் முன்னால் கோடு சிவக்கிறது. ஆற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான் ஒருவன், சிவக்கவில்லை. 'ஆறு பாஸ்' என்று கத்தினான். துவைக்கிற கல்லடியில் தேங்கிய தண்ணீரில் லேசாகச் சிவந்தது. 'இது ஃபெயில்.' துவைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சங்கடம் ஒரு பக்கம். அடுத்த வாளியைக் கரைமேல் கொண்டுபோய்க் கொட்டினார். யாரும் சொல்லவில்லை.

பத்தமடையில் அதிக நேரம் இல்லை. கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்துப் பாய் நெய்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள், மிச்சத் துணுக்குகளில் கைக்குட்டை அளவு பாய் பின்னித் தந்தார்கள். எங்களைவிட அவர்கள் விரல்கள் பல மடங்கு வேகம்.

திருநெல்வேலி நகரத்துக்கு வந்ததும் படங்கள் மாறிவிட்டன. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் கோயில் தண்ணீருக்குள் மூழ்கும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும். இந்தப் பிள்ளைகளுக்கு அது வருஷா வருஷம் பார்க்கிற காட்சி என்பதால் கோயிலைப் பாதிதான் வரைகிறார்கள், மீதி தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீர் கறுப்பு. கரியை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துச் சாக்கடை ஆற்றில் விழும் இடத்தை வரைந்தார்கள். கூட்டிவந்த அப்பா ஒருவருக்குக் கோபம். 'நம்ம ஆத்த இப்படியா சார் காட்டுறது? வெளியூர்க்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?' நண்பர் பதில் சொல்லத் திணற, அவர் மகனே சொன்னான்: 'அப்பா, நீங்கதான அந்தப் பக்கம் குளிக்காதேன்னு சொன்னீங்க.'

அமெரிக்காவில் கவிஞர் ராபர்ட் ஹாஸும் எழுத்தாளர் பமேலா மைக்கேலும் 1995-ல் பிள்ளைகளுக்கென்று ஆறுகள் பற்றிய கவிதை, ஓவியப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். தாங்கள் வாழும் நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தெரிந்துகொண்டு எழுதவும் வரையவும் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நண்பரின் யோசனைக்கு அது ஒரு தூண்டுதல் என்றார். பரிசு என்று வந்தாலே பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் போட்டியை மட்டும் விட்டுவிட்டாராம்.

ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இங்கேதான் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வெள்ளம் அது. பிள்ளைகள் வண்டலைக் குழைத்து, தாளின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை ஒரே பழுப்பாகப் பூசினார்கள். கரையே இல்லை. எல்லாப் படத்திலும் ரயில் இருந்தது. சுமார் 800 பயணிகளோடு இந்த ஊர் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்ட அந்தச் செந்தூர் எக்ஸ்பிரஸ். பெட்டி எத்தனை என்று இரண்டு பையன்களுக்குள் அடிதடியே வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஆட்டுக்குட்டிகளோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சியை ஒருத்தி வரைந்திருந்தாள். ஆச்சியின் காலடிவரை தண்ணீர். வாசகம் எழுதக் கூடாது என்ற நிபந்தனை இங்கே உடைந்தது. ஹெலிகாப்டரிலிருந்து விழும் பொட்டலத்தின்மேல் ஒருவன் 'பிஸ்கட்' என்று எழுதியிருந்தான். நண்பர் அழிக்கச் சொல்லவில்லை.

புன்னக்காயலில் மண்ணும் கரியும் தேவைப்படவில்லை. சிப்பி, அறுந்த நைலான் வலை, மிதவைத் துண்டு, அலையாத்திக் காய் எல்லாம் இருந்தன. மீனவப் பிள்ளைகள் மணலிலேயே ஆற்றைச் செய்தார்கள். சிப்பியை அம்புக்குறியாக வைத்து நீரோட்டத்தைக் காட்டச் சொன்னால், பாதி அம்புகள் கடலைப் பார்த்தன, பாதி ஊரைப் பார்த்தன. 'கடல் ஏத்தத்துல தண்ணி உள்ளதான சார் வரும்?' ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் வரைந்த படங்களை நண்பர் பையிலிருந்து எடுத்து மணலில் வரிசையாக வைத்தார். பாபநாசத்து நீர்நாயின் புகைப்படம் முதலில், இவர்கள் ஆறு கடைசியில். ஒரு பையன் வந்து வரிசையையே திருப்பி அடுக்கினான். ஆறு அவர்கள் ஊரில் ஆரம்பித்து மலைக்குப் போகிறதாம். சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசி நல்ல காலம். மழை முடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும், பறவைகளும் கூட்டில் இருக்கும். எங்கே இறங்கலாம் என்று உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள், அணைக்கட்டுகளுக்குக் கீழே சுழல் உண்டு. நாரை மரத்தடியில் சத்தம் போட வேண்டாம். பிள்ளைகளோடு போனால் கெட்டி அட்டை, மஞ்சள்தூள், ஊறவைத்த வேப்பம்பிசின் போதும். மற்றதெல்லாம் கரையில் கிடைக்கும். வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். மஞ்சள் பட்டதைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியுமே.