மறுபடி சொல்லலையே

"அப்பவே போன்ல சொன்னேனே சார்" என்றார் அந்த வாடகை வீட்டில் குடியிருப்பவர். "மறுபடி சொல்லலையே மேடம்" என்றேன் நான்.

இரண்டும் உண்மை. முதல் போனுக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவில் நான்கு மாதம். அதற்குள் படுக்கையறைச் சுவரின் பூச்சு விரலால் தொட்டாலே உதிரும் அளவுக்கு ஊறிவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு வீட்டுக்காரர் தலையிலா, குடியிருப்பவர் தலையிலா என்று எழுதிக் கொடுக்க வேண்டியது என் வேலை.

முதல் போன் இரண்டு நிமிடம்கூட இல்லை. அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்திருக்கிறது, ஈர வாடை வருகிறது என்றார். "நாலு விரக்கடை முன்னால இழுத்துப் போடுங்க மேடம், ஜன்னலைத் திறந்து வைங்க, காத்து போனா சரியாயிடும்" என்றேன். "சரி சார்" என்றார்.

அந்த யோசனை தப்பானது இல்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட அலமாரிக்குப் பின்னால் காற்று நகராது. சுவர் குளிர்ந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம் அங்கே வேர்த்துப் படியும்; ஈரம் காயாமல் கிடந்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஐந்து செ.மீ. இடைவெளி விட்டாலே பல வீடுகளில் பிரச்சினை நின்றுவிடுகிறது. இப்படி வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆகவே ஆளை அனுப்பாமல் போனிலேயே முடித்தேன். ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முடித்தேன்.

கேட்டிருக்க வேண்டியவை எனக்குத் தெரியாதவை அல்ல. கறை எந்த உயரத்தில் இருக்கிறது? துணியால் துடைத்தால் போகிறதா? விளிம்பு புள்ளி புள்ளியாக இருக்கிறதா, மஞ்சளாக வளையம் கட்டியிருக்கிறதா? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன அறை? காற்றின் ஈரத்தால் வருவது பெரும்பாலும் மூலைகளிலும் மறைவான இடங்களிலும் கரும்புள்ளியாக வரும், மேலோட்டமாக இருக்கும், துடைத்தால் போகும். கசிவு வளையம் போடும், நாளுக்கு நாள் விரியும், பெயின்டைக் கொப்பளமாகத் தூக்கும், காயும் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவரின் நீளத்துக்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும், பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. எல்லாவற்றையும்விடப் பயனுள்ள கேள்வி, ஈரம் எப்போது கூடுகிறது என்பது. மழைக்குக் கூடினால் வெளிச்சுவர் அல்லது மொட்டைமாடி. இரவும் பகலும் ஒரே மாதிரி என்றால் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர்க் குழாய். குளித்த பிறகு கூடி, வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் குறைந்தால் குளியலறைத் தரை அல்லது கழிவுநீர்ப் பக்கம்.

இந்த வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. கறை தரையிலிருந்து நாற்பது செ.மீ. உயரத்துக்குள். கேட்டிருந்தால் அன்றே பாதி விளங்கியிருக்கும். பாதிதான். ஏனென்றால் கசிவால் ஊறிய சுவரின் மேலும் அலமாரி மறைவில் கரும்புள்ளிப் பூஞ்சை வரும், இங்கே வந்திருந்தது. நேரில் போயிருந்தாலும் ஏமாந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான்.

சந்தேகம் வந்தால் தீர்க்க ஒரு மலிவான வழி உண்டு. ஒரு சாண் அகல அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். அறையைப் பார்த்த முகத்தில் துளி நின்றால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த முகத்தில் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இதைப் போனிலேயே சொல்லிச் செய்யவைக்கலாம்.

இரண்டாவது முறை அழைத்தபோது போனேன். முதலில் தண்ணீர்க் குழாய். எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டரைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், முள் நகரவில்லை. (மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீட்டில் மீட்டர் இதைக் காட்டாது. மோட்டாரை நிறுத்தி, தொட்டிக்கு வரும் இணைப்பை மூடி, நீர்மட்டத்தில் கோடு போட்டுவிட்டு ராத்திரி முழுக்க விட வேண்டும்.) ஆகவே கழிவுப் பக்கம். குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் வாயான நானி டிராப்பை அடைத்து, சாயம் கரைத்த தண்ணீரை இரண்டு செ.மீ. உயரத்துக்குத் தரையில் நிறுத்தினோம். ஷவர் சுவரை நனைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சோதித்தால் எது ஒழுகுகிறது என்று தெரியாது. மறுநாள் படுக்கையறைப் பக்கம் பூச்சை ஓரிடத்தில் கொத்திப் பார்த்தபோது சாயம் தெரிந்தது. டிராப்பைச் சுற்றிய ஓரத்தில் தரை விட்டுப் போயிருந்தது.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். டிராப்பைச் சுற்றி டைல்ஸ் இடுக்குகளை நிரப்பியிருந்த சிமென்ட் கலவை, அதாவது கிரவுட், வெளுத்து, பள்ளமாகி, நகத்தால் கீறினால் பொடியாக வந்தது. டிராப்பின் ஜல்லடைத் தட்டு மெருகு போய் மங்கியிருந்தது. ஆசிட் ஊற்றிக் கழுவும் குளியலறையின் அடையாளம் இது. சிமென்ட் கிரவுட்டை ஆசிட் அரிக்கும். தண்ணீர் கலக்காத ஆசிட்டை அடிக்கடி ஊற்றினால் டைல்ஸ் புதிதுபோல் பளபளக்கும், இடுக்கு காலியாகும். கேட்டேன். "உப்புக் கறை வேற எதுக்கும் போகலையே சார்" என்றார்.

பொதுவாக ஒப்பந்தங்கள் பிரிப்பது இப்படி: கட்டுமானம், மறைவுக் குழாய், வயரிங் வீட்டுக்காரருக்கு, பல்பு, வாஷர், அடைப்பு, அன்றாடச் சுத்தம் குடியிருப்பவருக்கு. குடியிருப்பவரின் கவனக்குறைவால் கெட்டது எதுவானாலும் அவருக்கு. வழக்கமான தேய்மானம் எதுவானாலும் அவருக்கு இல்லை. படிக்கத் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு குழாயில் வருடத்துக்கு மூன்று முறை வாஷர் போகிறது என்றால் உள்ளே வாஷர் உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறது. அது குழாயின் கோளாறு, வீட்டுக்காரர் மாற்ற வேண்டியது. மூன்று வாஷருக்கும் குடியிருப்பவர்தான் காசு கொடுத்திருப்பார். பொருளின் பெயரை வைத்துப் பொறுப்பைப் பிரித்தால் இதுதான் நடக்கும். காரணத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

காரணத்தை வைத்து நான் எழுதியது: டிராப் இணைப்பும் வாட்டர் ப்ரூஃபிங்கும் வீட்டுக்காரர். குளியலறைக் கிரவுட் குடியிருப்பவர். படுக்கையறைச் சுவர், ஆளுக்குப் பாதி. அவர் பங்கு அட்வான்ஸில் கழியும்.

அந்தப் 'பாதி' எனக்கு இன்னும் உறுத்துகிறது. கிரவுட் தண்ணீரைத் தடுப்பதற்கானது அல்ல. நல்ல நிலையில் உள்ள சிமென்ட் கிரவுட்கூடக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடும். தடுக்க வேண்டியது டைல்ஸுக்குக் கீழே போடும் நீர்த்தடுப்புப் பூச்சு. அது தரை முழுக்கப் பரவி, சுவரில் குறைந்தது 15 செ.மீ. மேலேறி, டிராப்பின் கழுத்தோடு ஒட்டி முடிய வேண்டும். அது சரியாக இருந்திருந்தால், கிரவுட் மொத்தமும் கரைந்திருந்தாலும் பக்கத்து அறை நனைந்திருக்காது. ஆசிட் கசிவை விரைவுபடுத்தியது, உண்டாக்கவில்லை. எழுதும்போதே எனக்கு இது தெரியும். ஆனால் ஆசிட் ஊற்றாத வீட்டில் அதே குறையுள்ள தரை இன்னும் பல வருடம் தாங்கியிருக்கலாம் என்பதும் தெரியும். வீட்டுக்காரரிடம் இரண்டையும் சொன்னேன். அவருக்கு இரண்டாவது மட்டும் காதில் விழுந்தது.

பழுதைத் தெரிவிப்பது குடியிருப்பவரின் கடமை. தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் சரிசெய்வது வீட்டுக்காரரின் கடமை. தெரிவித்த நாளிலிருந்து வளர்ந்த சேதம் வீட்டுக்காரர் கணக்கு. தெரிவிக்காமல் விட்டதால் வளர்ந்தது குடியிருப்பவர் கணக்கு. என் அறிக்கைப் படிவத்தில் 'முதலில் தெரிவித்த தேதி' என்றொரு கட்டம் இருக்கிறது. இரண்டாவது போனின் தேதியை எழுதினேன்.

பொய் எழுதவில்லை என்று வாதாடலாம். பழுதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தம். முதல் முறை அவர் வாயால் சொன்னார், இரண்டாவது முறைதான் படத்தோடு செய்தி அனுப்பினார். தவிர, அலமாரியை இழுத்துப் போட்ட பிறகும் சுவர் கறுத்துக்கொண்டே போனதைத் தினமும் பார்த்தவர் அவர். சொல்லியிருக்கலாம். ஆனால் பொறுப்பில் இருப்பவன் 'காத்து போனா சரியாயிடும்' என்ற பிறகு எத்தனை நாள் காத்திருப்பது நியாயம் என்று நானும் சொல்லவில்லை. பத்து நாளில் குறையாவிட்டால் கூப்பிடுங்கள் என்ற ஒரு வாக்கியம் போதும்.

இப்போது அதைச் சொல்கிறேன். அலுமினியத் தாளையும் சொல்கிறேன், அவசரமில்லாத நாட்களில். மற்ற நாட்களில் இன்னமும் முதலில் வாயில் வருவது அலமாரிதான். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கிறது.

அந்தச் சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஊறிய சுவர் ஓர் அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒரு பக்கம் டைல்ஸ் மூடிய சுவர் இன்னும் மெதுவாகக் காயும். பூச்சை உதிர்த்துவிட்டு, செங்கல் தெரிய அப்படியே விட்டிருந்தார்கள். அட்வான்ஸில் கழியும் தொகையைச் சொல்லப் போனபோது அவர் அந்தச் சுவர் பக்கமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தேதியைப் பற்றிக் கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"சரி சார்" என்றார்.